முதியோர் இல்லத்து வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

2020 மே 4ஆம் தேதி மாலை தமிழகச் சுகாதாரத் துறை வெளியிட்ட பட்டியலில் புதிய கொரோனா தொற்று 527. சென்னைக்கு அடுத்த இடத்தில் கடலூர் மாவட்டம். ஒரே நாளில் 122 பேர். கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கவும் காய்கறி ஏற்றி இறக்கவும் போயிருந்தவர்கள் கிடைத்த லாரியிலும் வேனிலும் ஏறி ஊர் திரும்பியிருந்தார்கள். மறுநாள் சந்தை மூடப்பட்டது. விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்கள் வரை அந்தச் சந்தையின் பெயரே பேச்சாக இருந்தது.

அந்த வாரம் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது. ஊரே முடங்கிக் கிடந்தபோதும் கிருமி பயணம் செய்தது, ஏனென்றால் சிலர் வேலைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. வெங்காயமும் தக்காளியும் வீடு வந்து சேர அவர்கள் உழைப்பு தேவைப்பட்டது. அவர்கள் மேல் குற்றம் ஏதுமில்லை. நெருக்கமாக நின்று மணிக்கணக்கில் வேலை செய்து, இடம் மாறி இடம் போகிறவர்கள் வழியாகத்தான் தொற்று அதிகம் நகர்கிறது.

உலகெங்கும் முதியோர் இல்லங்களுக்குள் கொரோனா நுழைந்ததும் பெரும்பாலும் இதே தடத்தில்தான். ஆனால் அந்த இல்லங்கள் முதலில் வாசலில் நிறுத்தியது பெற்ற மகளையும் மகனையும், கூடவே வாழ்ந்து முதுமை கண்ட கணவனையும் மனைவியையும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது கிர்க்லாண்ட். அங்குள்ள லைஃப் கேர் சென்டர் என்ற இல்லத்தில்தான் அந்த நாட்டின் முதல் பெரிய முதியோர் இல்லத் தொற்று வெளிப்பட்டது. 2020 மார்ச் 18 வரையிலான கணக்கில், அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று. 101 பேர் அங்கே வசித்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். தொற்றுக்கு ஆளான முதியவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். விசாரித்த ஆய்வாளர்கள் எழுதியது இது: பணியாளர் சிலர் உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வந்தார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள். சம்பளம் குறைவு, விடுப்பு எடுத்தால் கூலி இல்லை என்ற நிலையில் வேறென்ன செய்வார்கள்?

முதியவர்கள் ஏன் இப்படி எளிதில் வீழ்ந்தார்கள் என்பதற்கு உடலியல் சொல்லும் காரணங்கள் உண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் டி-செல்கள் எனப்படும் தற்காப்பு அணுக்கள் பக்குவப்படும் இடம். பதின்ம வயது தொட்டே அது சுருங்கத் தொடங்குகிறது. இதுவரை எந்த எதிரியையும் சந்திக்காத, புதிய எதிரிக்கெனப் பழக்கக்கூடிய அணுக்களின் இருப்பு ஆண்டுக்காண்டு குறைகிறது. இதுவரை மனித உடல் பார்த்திராத ஒரு வைரஸ் வரும்போது இளையவரின் உடல் சில நாளில் திரட்டும் படையை எழுபத்தைந்து வயது உடல் திரட்டத் தாமதமாகிறது. அந்த இடைவெளியில் நுரையீரல் சேதமாகிவிடுகிறது.

காய்ச்சல் விஷயத்திலும் முதுமை ஏமாற்றும். பல முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் உடம்பு சுடாது. வாசலில் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்த்து உள்ளே விட்ட ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் இன்னோர் இல்லத்தில் 76 பேரைச் சோதித்தார்கள். 48 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த 48 பேரில் 27 பேருக்குச் சோதனை நடந்த நேரத்தில் ஓர் அறிகுறியும் இல்லை.

இந்த நிலையில் முதல் சில வாரங்கள் கதவைச் சாத்தியதைத் தவறு என்று சொல்ல முடியாது. சோதனைக் கருவி போதவில்லை, முகக்கவசம் மருத்துவமனைகளுக்கே பற்றாக்குறை, கிருமி காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே வாதம். 2020 மார்ச் 13 அன்று அமெரிக்க அரசு முதியோர் இல்லச் சந்திப்புகளை நிறுத்தச் சொன்னது. அதே நாட்களில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் மிக அவசியமானவர்களைத் தவிர யாரையும் விடாதே என்றது. மார்ச் 20 அன்று நெதர்லாந்து நாடு முழுக்கத் தடை விதித்தது. சிங்கப்பூரில் லீ ஆ மூய் என்ற முதியோர் இல்லத்தில் தொற்று பரவியதும் ஏப்ரல் 2 முதல் அந்த நாடு தன் எல்லா முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் பார்வையாளர் வருகையை நிறுத்தியது.

பிழை நேர்ந்தது அடுத்த கட்டத்தில். வாரக்கணக்கில் இருக்க வேண்டிய தடை பல நாடுகளில் மாதக்கணக்கில் நீண்டது. குடும்பத்தார் யாரும் உள்ளே போகாத அந்த மாதங்களிலும் இல்லங்களுக்குள் தொற்று புகுந்துகொண்டே இருந்தது.

எப்படிப் புகுந்தது என்பதை அமெரிக்காவில் மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் கைப்பேசிகளின் இருப்பிடத் தரவை வைத்துத் தேடினார்கள். பார்வையாளர் தடை அமலில் இருந்த 11 வாரங்களில், ஒரு முதியோர் இல்லத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் இருந்த கைப்பேசிகளில் 5.1 சதவீதம் வேறோர் இல்லத்திலும் தென்பட்டன. சராசரியாக ஓர் இல்லம் இப்படி 7 இல்லங்களோடு பிணைந்திருந்தது. குடும்பத்தார்தான் உள்ளே வர முடியாதே. அந்தக் கைப்பேசிகள் பெரும்பாலும் பணியாளர்களுடையவை என்பதுதான் அவர்கள் முடிவு. இல்லங்களுக்கு இடையிலான இந்தப் பணியாளர் பிணைப்பை அறுத்திருந்தால் தொற்று 44 சதவீதம் குறைந்திருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். ஆய்வு 2021 ஜனவரியில் வெளியானது. கோயம்பேட்டில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பைத் தராது.

சிங்கப்பூர் இதை ஓரளவு விரைவில் பிடித்துக்கொண்டது. பராமரிப்பு இல்லப் பணியாளர்கள் சுமார் 9,000 பேரையும் சோதித்தது. இல்லத்திலேயோ ஹோட்டல்களிலோ தங்கவைத்தது. பிறகு இல்லங்களில் வசிப்போர் சுமார் 16,000 பேரைச் சோதித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மார்ச் இறுதியிலும் ஒன்டாரியோ ஏப்ரல் 22 முதலும் ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்று கட்டுப்படுத்தின.

குடும்பத்தாரை உள்ளே விடலாமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் வேறு உருவில் வந்தது. 2020 ஏப்ரலில் மத்திய சமூக நீதி அமைச்சகம் முதியோருக்கென ஓர் அறிவுரை வெளியிட்டது. வீட்டுக்குள்ளேயே இருங்கள், பார்க்க வருவோரைத் தவிருங்கள், சந்திப்பது அவசியமென்றால் ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள், உறவினரோடு தொலைபேசியிலும் காணொளியிலும் பேசுங்கள் என்பது அதன் சாரம். ஆனால் இல்லத்து வார்டன் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் மகனால் வந்திருக்க முடியாது. மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் எனும் இணையவழி அனுமதி வேண்டியிருந்தது. மருத்துவம், மரணம், திருமணம் போன்ற காரணங்களுக்குத்தான் அது கிடைத்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. மாநிலத்துக்குள் இ-பாஸ் முறை 2020 செப்டம்பர் 1 அன்றுதான் விலகியது.

விருத்தாசலம் ஒரு ரயில் சந்திப்பு. விழுப்புரம்–திருச்சி பாதையும் சேலம்–கடலூர் பாதையும் இங்கே குறுக்கிடுகின்றன. பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெற்றோர் ஊரில் இருக்கும் குடும்பங்களை இந்தத் தண்டவாளங்கள்தான் ஒட்டவைத்திருந்தன. 2020 மார்ச் கடைசியில் ரயில்கள் நின்றபோது நின்றது அந்த ஒட்டுறவும்தான். தமிழகத்தில் 60 வயது தாண்டியவர்களின் பங்கு 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம், பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தது நாம்தான். அடுத்த பெருந்தொற்று வரும்போது இந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கும். முதியோர் இல்லங்களும் கூடியிருக்கும்.

பார்க்க வருபவர் அங்கே வந்து என்னதான் செய்கிறார்? நிர்வாகத்தின் பதிவேட்டில் அவர் பெயர், வந்த நேரம், போன நேரம் மட்டும் இருக்கும். ஆனால் சாப்பாட்டு வேளையில் ஓர் இல்லத்தைப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். நடுங்கும் கையால் பிசைய முடியாதவருக்கு மகள் குழைந்த சாதத்தைப் பிசைந்து ஊட்டுகிறாள். பல்செட்டைக் கழுவி மாட்டுகிறாள். காதுகேட்கும் கருவியின் பேட்டரியை மாற்றுகிறாள். நகம் வெட்டுகிறாள். முதுகில் புண் வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறாள். முப்பது பேருக்கு இரண்டு ஆயாக்கள் என்று ஓடும் இடத்தில் இதையெல்லாம் செய்ய வேறு ஆள் கிடையாது. பார்வையாளரை நிறுத்திய நாளில் ஓர் ஊதியமில்லாப் பணியாளரையும் சேர்த்தே நிறுத்தினார்கள்.

இதன் விளைவு கனடாவில் அப்பட்டமாக வெளிப்பட்டது. 2020 மே இறுதி வரையிலான கணக்கில் அந்த நாட்டின் கொரோனா இறப்புகளில் 81 சதவீதம் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் நேர்ந்தவை. வளர்ந்த நாடுகளின் சராசரி 38. நிலைமை கைமீறியதும் ஒன்டாரியோவின் ஐந்து இல்லங்களுக்கு ராணுவத்தை அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்கார்பரோவில் இருந்தது. மே 26 அன்று வெளியான ராணுவத்தின் அறிக்கை நாட்டையே உலுக்கியது. வேளைக்கு உணவில்லை, படுக்கைப் புண்கள், மாற்றப்படாத அழுக்குத் துணி, உதவி கேட்டுக் கூப்பிட்டும் யாரும் வராத அறைகள். பணியாளர் பற்றாக்குறை அதற்கு முன்பும் இருந்தது. தினமும் வந்த குடும்பத்தார் அந்த ஓட்டையைத் தங்கள் கைகளால் அடைத்திருந்தார்கள். அவர்கள் போனதும் ஓட்டை வெளியே தெரிந்தது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில இல்லங்களில் நடந்த ஆய்வு இதையே எண்களில் சொல்கிறது. பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில் அங்கே வசித்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் முன்பைவிட 15 சதவீதம் கூடின. காரணமின்றி எடை வெகுவாகக் குறைந்தவர்களின் பங்கு 150 சதவீதம் கூடியது. தொற்று கண்டவர்களிடம் எடையிழப்பு அதிகம் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஒரு கொரோனா நோயாளிகூட இல்லாத இல்லங்களிலும் முதியவர்கள் உடலாலும் மனத்தாலும் தேய்ந்தார்கள். வைரஸ் எட்டிப் பார்க்காத இடத்தில் அவர்களைத் தேய்த்ததில் தனிமைக்குப் பெரும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

வீடியோ கால் இந்த இடைவெளியை நிரப்பும் என்று எல்லோரும் நம்பினார்கள். மூளை தெளிவாகவும் காது கூர்மையாகவும் இருப்பவருக்கு அது நிரப்பவும் செய்தது. மறதிநோய் முற்றியவர்களுக்கு அப்படியில்லை. கைப்பேசித் திரையில் அசையும் சிறு முகம் தன் மகன் என்று அவர்களால் இணைத்துப் பார்க்க முடிவதில்லை. குரல் ஒரு பக்கமிருந்தும் முகம் இன்னொரு பக்கமிருந்தும் வந்தால் குழப்பம் கூடுகிறது. பெயர் மறந்துபோன பிறகும் தொடுகையும் பழகிய வாசனையும் கையின் சூடும் நெடுநாள் அவர்களுக்குள் தங்கியிருக்கும். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்று கையசைத்த பிள்ளைகளைப் பார்த்து, ஏன் உள்ளே வராமல் நிற்கிறார்கள் என்று புரியாமல் அழுதவர்கள் பல நாடுகளிலும் இருந்தார்கள்.

குடும்பத்தார் இல்லாததால் மருத்துவத்துக்கே நேர்ந்த ஒரு நட்டம் அதிகம் பேசப்படவில்லை. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொரோனாவுடன் வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 817 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 28 சதவீதம் பேருக்குத் திடீர் மனக்குழப்பம் இருந்தது. அப்படிக் குழம்பியவர்களிலும் 37 சதவீதம் பேருக்குக் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ போன்ற வழக்கமான அறிகுறி எதுவும் இல்லை. அதாவது, நேற்றுவரை பேரனின் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று தடுமாறுகிறார் என்பதே நோயின் முதல் தடயம். அதைக் கண்டுபிடிக்க வெப்பமானி உதவாது. அந்த மனிதரின் நேற்றைய பேச்சு தெரிந்த ஒருவர் வேண்டும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் பணியாளருக்கு, வயசானவர் ஏதோ உளறுகிறார் என்றுதான் தோன்றும். மகளுக்கோ பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் உறுத்தும்.

கதவை மீண்டும் எப்படித் திறப்பது என்பதற்கு முதலில் முறையாகச் சோதனை செய்து பார்த்தது நெதர்லாந்து. 2020 மே 11 முதல் 26 இல்லங்களில், வசிப்பவர் ஒருவருக்குக் குறிப்பிட்ட ஒரே பார்வையாளர் என்ற விதியோடு அனுமதித்தார்கள். தொற்று இல்லாத இல்லங்களை மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். வருபவருக்கு விதிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆய்வு நடந்த முதல் மூன்று வாரங்களில் அந்த 26 இல்லங்களிலும் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை. ஊரில் கிருமி தணிந்திருந்த வாரங்கள் அவை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும் அலையின் நடுவே இதே முடிவு வரும் என்று உறுதி கூற முடியாது. ஆனாலும் அதுவரை அச்சத்தால் மட்டுமே பேசப்பட்ட விஷயத்துக்கு முதல்முறையாகத் தரவு கிடைத்தது. ஜூன் மாதத்தில் சிங்கப்பூரும் பெயர் பதிவு செய்த ஓரிருவரை மட்டும், ஒரு நேரத்தில் ஒருவராக அனுமதிக்கத் தொடங்கியது. பிந்தைய அலைகளில் மறுபடி மூடித் திறந்தது.

இன்னும் முக்கியமான திருப்பம் ஒன்டாரியோவில் 2020 செப்டம்பரில் வந்தது. அங்கே குடும்பத்தாரை வெறும் பார்வையாளர் என்று வைக்காமல், பராமரிப்பாளர் என்று தனி வகையாகப் பிரித்தார்கள். ஒவ்வொருவரும் அப்படி இருவரை நியமித்துக்கொள்ளலாம் என்றார்கள். பணியாளருக்கான முகக்கவசம், சோதனை, பயிற்சி ஆகியவை அவர்களுக்கும் இருந்தன. பொதுப் பார்வையாளருக்குத் தடை வந்தாலும் இவர்களுக்கு வழி இருந்தது. இந்தப் பாகுபாடுதான் எல்லாவற்றுக்கும் சாவி. பத்து உறவினர் கூட்டமாக வந்து பழம் கொடுத்துப் போவதும், தினம் ஒருவர் வந்து ஊட்டிவிட்டுப் போவதும் தொற்றியல் கணக்கில் வேறுவேறு. முன்னதை நிறுத்தலாம். பின்னதை நிறுத்தினால் ஓர் உயிர் பட்டினி கிடக்கும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநில மக்கள் 2021 நவம்பரில் வாக்களித்து, இல்லத்தில் வசிப்பவர் தனக்கென ஓர் அத்தியாவசியப் பராமரிப்பாளரை நியமிக்கும் உரிமையை மாநில அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல், விதிவிலக்கான சூழல் தவிர மற்ற நேரங்களில் சந்திப்புக்கு வழிசெய்வது பராமரிப்பு இல்லங்களின் சட்டக் கடமை. இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஜீவனாம்சம் பேசுகிறது, சொத்துப் பாதுகாப்பு பேசுகிறது, மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்கலாம் என்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் மகள் உள்ளே வரலாமா என்பது அதில் இல்லை.

இங்கே இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு தனியார் காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். கொடுமைப் புகார்கள் எழுந்து வழக்கு சிபிசிஐடி வசம் போனது. அத்தனையும் வெளியே வரக் காரணம், அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைப் பார்க்கப் போன உறவினருக்கு அவர் அங்கே இல்லை என்று தெரிந்ததும், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டதும்தான். கொரோனாவுக்கும் அந்த வழக்குக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் ஆய்வாளர்கள் எப்போதோ ஒருமுறை வரும் இடங்களில் உறவினரின் கண்தான் அன்றாடக் கண்காணிப்பு. தொற்றைக் காரணம் காட்டி அதை மூடினால் உள்ளே நடப்பதை வெளியே சொல்ல ஆளிருக்காது.

விருத்தாசலத்துக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்கக் காரணம் உண்டு. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பாலிடெக்னிக் இருக்கும் ஊர் இது. பொம்மையும் விளக்கும் மின்கம்பத்துப் பீங்கானும் செய்யும் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் தூளாகச் சேர்கின்றன. அந்தத் தூளில் உள்ள படிகச் சிலிக்காவைப் பல ஆண்டு சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறும். காசநோய்க்கும் இடம் கொடுக்கும். சூளையடியில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்ந்தவர்கள் எந்தச் சுவாசத் தொற்றிலும் முதல் வரிசையில் நிற்பவர்கள். அவர்களைக் கிருமியிலிருந்து காப்பதும் தனிமையிலிருந்து காப்பதும் ஒரே திட்டத்துக்குள் வர வேண்டும்.

அதற்கு நம் ஊர் வெயிலே துணை. கொரோனா போன்ற கிருமி மூடிய அறையின் தேங்கிய காற்றில்தான் சேர்ந்து செறிகிறது. திறந்த வெளியில் கலைந்துபோகிறது. நெதர்லாந்தில் குளிர்காலம் வந்தால் தோட்டத்துச் சந்திப்பு முடியாது. இங்கே வேப்பமரத்தடியில் காலை ஏழரை மணிக்கு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் உட்காரலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நாற்புறமும் திறந்த ஒரு தகரக் கொட்டகை போதும். தூக்குவாளியில் வரும் சாப்பாட்டைத் தடுக்கவும் பெரிய காரணமில்லை. கிருமி படிந்த பொருளைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு ஒரு தொடுகைக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே சொல்லிவிட்டது. எழுந்து வர முடியாதவர் அறைக்குள் போக வேண்டியவருக்கு என்95 முகக்கவசமும், வாசலிலேயே கால்மணி நேரத்தில் முடிவு தரும் விரைவுச் சோதனையும், திறந்த இரண்டு சன்னல்களும் வேண்டும்.

இவற்றைத் தொற்று வந்த பிறகு யோசிக்க நேரமிருக்காது. ஒருவரை இல்லத்தில் சேர்க்கும் நாளிலேயே படிவத்தில் இரண்டு பெயர் எழுதச் சொல்லலாம்: தடை வந்தாலும் உள்ளே வரப்போகிறவர்கள் யார் யார் என்று. ஒருவர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது. ரயில் நின்றால் சென்னையிலிருந்து வர முடியாது. அந்த இருவருக்கும் முகக்கவசம் போடும் முறையையும் கைகழுவும் முறையையும் பணியாளருக்குச் சொல்லித்தரும் அன்றே சொல்லித்தரலாம். மறுபடி இ-பாஸ் போன்ற அனுமதி வந்தால், மாவட்ட நிர்வாகம் அதை வழங்கும் காரணங்களில் முதியோர் பராமரிப்பை ஒரு வரியாகச் சேர்க்கலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை தடையை மறுபரிசீலனை செய்வது, யார் செய்வது என்பதையும் முன்பே எழுதிவைக்கலாம். கடலூர் மாவட்டச் சமூக நல அலுவலகம் இப்படி ஒரு படிவத்தை அச்சிட்டு இல்லங்களுக்கு அனுப்ப நிபுணர் குழு எதுவும் தேவையில்லை. அந்த இரண்டு பெயர்களை யார் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் கூடாது. இல்லத்தை நடத்துபவரோ, பணம் கட்டும் பிள்ளையோ அல்ல. நினைவு தெளிவாக இருக்கும்போதே அங்கே வசிக்கப் போகிறவரிடம் கேட்டு எழுத வேண்டும். சிலர் மகன் பெயரைச் சொல்வார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லக்கூடும். அதையும் அப்படியே எழுதிக்கொள்ள படிவத்தில் இடம் இருக்க வேண்டும்.